இரண்டாம் கொட்டகையின் எடை

பிப்ரவரி 10, திங்கள்

இந்த நோட்டு யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல. என் வழிகாட்டி குணசீலன் சாருக்குக் காட்ட பச்சை அட்டைப் பதிவேடு தனியா இருக்கு. அதுல எண் மட்டும்தான் எழுதலாம். நெஞ்சு படபடங்குதுன்னு எழுத அதுல கட்டம் கிடையாது.

ஆரம்பிச்சாச்சு. பால் மறக்கடிச்ச வெள்ளைப் பன்றிக்குட்டிங்க இருபத்தி நாலு. பன்னிரண்டு முதல் கொட்டகையில, அதுங்களுக்கு முழுக்க கம்பெனித் தீவனம். பன்னிரண்டு ரெண்டாம் கொட்டகையில, அதுங்களுக்குப் பாதி தீவனம், பாதி திப்பி. இந்த ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கு ஆலை குவிஞ்சு கிடந்து நாறுதே, மரவள்ளிக்கிழங்குல மாவை எடுத்த பிறகு மிஞ்சுற சக்கை, அதுதான் திப்பி. அதைச் சந்தையில மிஞ்சுற முட்டைக்கோஸ் இலையோட சேர்த்துப் புளிக்க வச்சுக் கொடுத்தா குட்டி வளருமா, வளராதா? ஏழு வருஷமா என் பொழப்பு இந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது.

முதல் தடவை குட்டிங்க காய்ச்சல்ல போச்சு. ரெண்டாவது தடவை இலையில பூஞ்சை பிடிச்சுப் பாதியில நிறுத்தினோம். இப்ப எனக்கு மூணாவது நீட்டிப்பு. ஜூன் 30க்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலேன்னா என் பேரையே அடிச்சிருவாங்க. பத்து வாரம் விடாம எடை போட்டாத்தான் கணக்கு செல்லும். இதுவும் கெட்டா இன்னொரு தடவைங்கிற பேச்சே இல்ல.

முதல் எடை: முதல் கொட்டகை சராசரி எட்டு கிலோ இருநூறு. ரெண்டாவது எட்டு கிலோ நூறு. தராசு ஒண்ணுதான், ரெண்டு கொட்டகைக்கும் நடுவுல தொங்குது, கடிகாரம் மாதிரி வட்ட முகம். குட்டியைப் பையில போட்டுக் கொக்கியில மாட்டணும். ஒவ்வொரு தடவையும் பை எடையைக் கழிக்கிற தொல்லை வேண்டாம்னு, வெறும் பிளாஸ்டிக் பையை மாட்டி, முள்ளைத் திருகிப் பூஜ்யத்துல நிறுத்திட்டேன். யாரும் நோண்டக் கூடாதுன்னு திருகாணி மேல டேப்பும் ஒட்டியாச்சு. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கிட்டேன்.

பிப்ரவரி 17

கோவில்பட்டியில இருந்து அம்மா ஃபோன். "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா மாட்டு டாக்டர்னே சொல்லிருதேன் என்ன? பன்னின்னு சொன்னா மூஞ்சி சுளிக்காக." சொல்லுங்கம்மா, அதுக்கும் நாலு கால்தானேன்னேன். ஃபோனை வச்சுட்டாங்க.

ரெண்டாம் கொட்டகையில ஏழாம் நம்பர் குட்டிக்குப் பேதி. சார் வந்து பார்த்துட்டு, "ரெண்டு கொட்டகைச் சாமானையும் கலக்காதீங்க சுபாஷினி. வாளி, துடைப்பம், எடைப் பை எல்லாம் தனித்தனியா இருக்கட்டும்"னார். ரெண்டாம் கொட்டகைக்குப் புதுசா ஒரு பை வேணும்.

பிப்ரவரி 18

பை வந்தாச்சு. அங்கம்மாக்கா தச்சுக் கொண்டாந்தாங்க. இருபது வருஷமா இந்த ஆராய்ச்சி நிலையத்துல குட்டி பிடிக்கிறவங்க அவங்க. ஒரு கையால பின்னங்காலைப் பிடிச்சாங்கன்னா அந்தக் குட்டி நகராது.

"பிளாஸ்டிக்குப் பையில காலை விட்டுக் கிழிச்சுக்குதுங்க பாப்பா. இது பாரு, ரெண்டு கோணியை ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டுத் தச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் கயிறு. தொட்டிலாட்டம் கெடக்கும்."

நல்லா இருந்துச்சு. குட்டியைப் போடறதுக்கு முன்னாடி கோணியைத் தொட்டித் தண்ணியில முக்கி எடுக்கிறாங்க. ஈரக்கோணின்னா குட்டி சூடு தணிஞ்சு அடங்கிக் கிடக்குமாம், முள் ஆடாதாம். இந்தக் கைவேலையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்துல இருக்கு? முதல் கொட்டகைக்குப் பழைய பையே இருக்கட்டும், இன்னும் கிழியல.

ஏழாம் நம்பர் தேவலை.

பிப்ரவரி 24

முதல் கொட்டகை: 11.8. ரெண்டாம் கொட்டகை: 13.1.

ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ முந்நூறு கூட! பதினைஞ்சே நாள்ல! பதிவேட்டைத் தூக்கிக்கிட்டுச் சார்கிட்ட ஓடினேன். சார் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார். "சுபா, இது அப்படியே போச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் தலை நிமிர்ந்து நடக்கலாம்"னார். ஏழு வருஷத்துல அவர் என்னைச் சுபான்னு கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அங்கம்மாக்கா மட்டும் ரெண்டு கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தான் தெரியுது"ன்னாங்க. உங்க கண்ணுல முள் இருக்காக்கான்னு கேட்டேன். சிரிச்சாங்க.

மார்ச் 10

15.6. 16.7. இன்னமும் ஒரு கிலோ நூறு முன்னால.

மார்ச் 13

விவசாயிகள் சந்திப்பு. பன்றி வளர்க்கிறவங்க முப்பது பேர் வந்தாங்க. சார் என்னைப் பேசச் சொன்னார். ஆரம்பிச்ச பிறகு நிறுத்தவே முடியல. படம் போட்டுக் காட்டினேன்: சிவப்புக் கோடு கம்பெனித் தீவனம், பச்சைக் கோடு திப்பி. பச்சை மேல.

முடிஞ்ச பிறகு ஒருத்தர் மட்டும் நின்னார். பேரு மாதேசன், கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு ஊரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். "ரெண்டு தாய்ப்பன்னி ஈனிருக்குதுங்க டாக்டரம்மா, பதினெட்டுக் குட்டி. நாளைக்கித்தான் பால் மறக்கடிக்கிறேன். தைரியமாப் போடலாங்களா?"

தைரியமாப் போடுங்க அண்ணே, பாதிக்குப் பாதி, நான் பொறுப்புன்னேன்.

மார்ச் 24

19.6. 20.5. வித்தியாசம் தொள்ளாயிரம் கிராமா இறங்கியிருக்கு.

வெயில்தான். ரெண்டாம் கொட்டகையில மேற்கு வெயில் நேரா அடிக்குது. தென்னங்கீத்து கட்டச் சொல்லியிருக்கேன்.

மார்ச் 27

மாதேசன் ஃபோன். "கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. குட்டி ஏறவே மாட்டேங்குது. போன ஈத்துல இந்நேரம் முதுகு உருண்டையா இருந்துச்சு. இப்ப முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுது."

எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. திப்பியை நல்லாப் புளிக்க வச்சீங்களா? வச்சேனுங்க. இலை அழுகலா? இல்லீங்க. பாதிக்குப் பாதிதானா, இல்ல தீவனத்தை மிச்சம் பிடிக்கிறீங்களா? "மிச்சம் புடிக்கிற ஆளு இல்லீங்க நானு"ன்னார்.

கேட்டிருக்க வேண்டாம். ஆனா வேற என்ன காரணம் இருக்க முடியும்? என் பதிவேடு கண்ணு முன்னாடி இருக்கு.

ஏப்ரல் 2

நேர்லயே போய்ட்டு வந்தேன். தராசு, அங்கம்மாக்கா, ரெண்டாம் கொட்டகைக் கோணி எல்லாத்தையும் ஜீப்ல ஏத்திக்கிட்டேன். பழைய பையில குட்டி துள்ளும், கோணியிலதான் அடங்கிக் கிடக்கும். கொட்டகைச் சாமானை வெளிய கொண்டு போகக் கூடாதுதான். திரும்பி வந்ததும் மருந்துத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன்.

மாதேசன் வீட்டு வாசல்ல வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாள் மோர் கொடுத்தாங்க. நேத்து எடை போட்டதை ஒரு காலண்டர்த் தாள்ல எழுதி வச்சிருந்தார் மாதேசன். சராசரி பதினொண்ணேகால். எதுல போட்டீங்கன்னு கேட்டேன். சுவரோரம் சாத்தி வச்சிருந்த கண்ணாடி மெஷினைக் காட்டினார். மனுஷங்க ஏறி நின்னு உடம்பு எடை பார்க்கிறது! கல்யாணத்துக்கு முன்னாடி அவர் பொண்ணு இளைக்கிறதுக்கு வாங்கினதாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இதுல பன்றிக்குட்டி நாலு காலையும் வச்சு அசையாம நிக்குமா அண்ணே?"ன்னேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தராசைப் புளியமரக் கிளையில மாட்டச் சொல்லிட்டேன்.

அங்கம்மாக்கா ஒரு வாளித் தண்ணி கேட்டு வாங்கிக் கோணியை முக்கினாங்க. பதினெட்டுக் குட்டியும் போட்டோம். சராசரி சரியாப் பதிமூணு கிலோ. இந்த வயசுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு!

"பாருங்க அண்ணே. உங்க மெஷின் ஒண்ணேமுக்கால் கிலோ குறைச்சுக் காட்டுது. இதை நம்பியா என்னைக் கலங்கடிச்சீங்க?"

மாதேசன் முள்ளைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். கீழ இறக்கிவிட்ட குட்டியோட முதுகை மெல்லத் தடவினார். "இவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுங்க. பாத்தே சொல்லிருவாரு"ன்னாங்க கோவிந்தம்மாள். "சும்மா இரு புள்ள. டாக்டரம்மா தராசு பொய் சொல்லுமா?"ன்னு அவங்களை அதட்டினார். என்கிட்ட, "நான்தாங்க அவசரப்பட்டுட்டேன்"னு கையைக் கூப்பினார்.

வர்ற வழியெல்லாம் நிம்மதியாத் தூங்கினேன்.

ஏப்ரல் 7

23.8. 24.4. அறுநூறு கிராம்.

தென்னங்கீத்து கட்டியும் இறங்குது. பரவாயில்ல. முன்னாலதானே இருக்கு. முன்னால இருந்தாப் போதும்.

ஏப்ரல் 12

மாதேசன்கிட்ட இருந்து ஃபோன். ரெண்டு குட்டி செத்துப்போச்சாம். சின்னதுங்க ரெண்டும். குரல்ல குறை சொல்ற தொனியே இல்ல. "பூச்சி மருந்து கொடுக்கலாங்களா?"ன்னு மட்டும் கேட்டார். கொடுங்கன்னேன். எந்தக் கூட்டத்துலயும் நோஞ்சான் ரெண்டு இருக்கும்.

சாப்பாடு இறங்கல.

ஏப்ரல் 14

சித்திரை ஒண்ணு. அங்கம்மாக்கா பாயசம் கொண்டாந்தாங்க. ஜவ்வரிசிப் பாயசம். குடிச்சேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் கொட்டகை: 28.0. ரெண்டாம் கொட்டகை: 27.6.

பின்னால போயிருச்சு! ரெண்டு வாரத்துல ஒரு கிலோ சறுக்கல். காய்ச்சல்தான், முதல் தடவை மாதிரியே காய்ச்சல்தான்னு எனக்குள்ள யாரோ கத்துறாங்க. பன்னிரண்டு குட்டிக்கும் தெர்மாமீட்டர் வச்சேன். ஒண்ணுக்கும் சூடு இல்ல. சாணி பார்த்தேன், காது பார்த்தேன், ஈறு பார்த்தேன். தீவனத்தை நக்கி வழிச்சுத் தின்னிருக்குங்க. நாலு கால் பாய்ச்சல்ல ஓடுதுங்க, ஒண்ணு என் ரப்பர் பூட்ஸைக் கடிக்குது.

அங்கம்மாக்காவை நிக்க வச்சுக் கேள்வியா கேட்டுத் துளைச்சேன். தீவனம் மாறிச்சா? இல்ல. திப்பி புது மூட்டையா? இல்ல. யாராவது வெளியாள் வந்தாங்களா? இல்ல. "மோட்டாரு ஓடல பாப்பா. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. கோணியை நனைக்காம காஞ்சதுலயே போட்டோம். அது ஒண்ணுதான் இன்னைக்கி மாத்தம்."

சரி. அதான் விஷயம். காஞ்ச கோணியில குட்டி துள்ளும், முள் ஆடும், எண் தப்பா விழும். இதுக்குப் போயா இந்தப் பாடு பட்டேன்.

ஏப்ரல் 22

மோட்டார் சரியாச்சு. நல்லா முக்குங்கக்கா, தண்ணி சொட்டச் சொட்ட இருக்கட்டும்னேன். ரெண்டாம் கொட்டகையை மட்டும் திரும்ப எடை போட்டேன். 28.35. முன்னூத்தி ஐம்பது கிராம் முன்னால.

பதிவேட்டுல திங்கள் எண்ணை அடிச்சுட்டுச் செவ்வாய் எண்ணை எழுதினேன். "மோட்டார் பழுது காரணமாக மறு எடை"ன்னு காரணமும் எழுதினேன். மோட்டார் பழுதுங்கிறது உண்மைதானே.

அங்கம்மாக்கா கோணியைப் பிழிஞ்சு கொடியில போட்டாங்க. அதுல இருந்து தண்ணி ரொம்ப நேரம் சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

ஏப்ரல் 23

முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்தேன். தலைப்பு மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 24

ஒண்ணும் இல்ல. கொட்டகைப் பக்கம் போகல. தலைவலின்னு சொல்லிட்டேன்.

ஏப்ரல் 25

மாதேசன் ஃபோன். எடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன், விடாம அடிச்சுது.

மூணாவது குட்டியும் போச்சாம். இது நோஞ்சான் இல்ல, நல்ல குட்டியாம். "உங்களத் தொந்தரவு பண்ணக் கூப்புடல டாக்டரம்மா. திப்பியக் குறை சொல்ல மாட்டேன், உங்க தராசுல நானே பாத்தேனே. எனக்குத்தான் கைராசி இல்லாமப் போச்சாட்டம் இருக்குது. மீதிக் குட்டிய உங்க நெலையத்துல எடுத்துக்குவீங்களா? உங்க கையில இருந்தா நல்லா வளருமுங்க."

அவரோட கைராசியாம். பதினெட்டுக் குட்டியைக் கைக்குழந்தையாட்டம் பார்க்கிற மனுஷன் தன் கையையே சந்தேகப்படறார்.

நான் நாளைக்குச் சொல்றேன்னு வச்சுட்டேன்.

ஏப்ரல் 26

எழுதிடறேன். காலையில ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். அங்கம்மாக்கா தொட்டி கழுவிக்கிட்டு இருந்தாங்க. கோணியைத் தண்ணியில முக்கச் சொன்னேன். "இன்னைக்கி எடை இல்லியே பாப்பா?" முக்குங்கக்கான்னேன். வாங்கினேன். குட்டி எதுவும் போடல. வெறும் ஈரக்கோணியைக் கொக்கியில மாட்டினேன்.

முள் ஒண்ணேமுக்கால்ல போய் நின்னுச்சு.

மாதேசனோட மெஷினுக்கும் என் தராசுக்கும் இருந்த வித்தியாசம். அதே ஒண்ணேமுக்கால், அணுவளவும் பிசகாம. தராசோட பூஜ்யம் பிளாஸ்டிக் பைக்கு நான் வச்சது. டேப் ஒட்டிப் பூட்டின பூஜ்யம். இந்தக் கோணி வந்த பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெறும் கோணியை மாட்டிப் பார்த்திருக்கலாம். காய்கறிக் கடைக்காரங்ககூடத் தட்டை வச்சு முள்ளைப் பார்த்துட்டுத்தான் கத்திரிக்காயைப் போடுறாங்க.

திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். அங்கம்மாக்கா "கோணியை நனைக்கல"ன்னு சொன்ன அந்த நிமிஷமே தெரியும். இந்த நோட்டுலகூட நான் பொய் எழுதியிருக்கேன். யாருக்கும் காட்டாத நோட்டுல பொய் எழுதி யாரை ஏமாத்தினேன்? கோணியைக் கழிச்சா திப்பிக் குட்டிங்க ஒரு நாள்கூட முன்னால இருந்ததில்ல. முதல் எடையில இருந்தே பின்னால, வாரத்துக்கு வாரம் இன்னும் பின்னால. திப்பியில மிஞ்சுன மாவுச்சத்தும் நாரும்தான். அதுக்கு ஈடா வேற சத்து சேர்க்காமப் பாதிக்குப் பாதின்னு போட்டா, வளர்ற குட்டிக்குச் சதை எங்கே இருந்து வரும்? அதைத்தான் மாதேசன் கையால தடவிச் சொன்னார். நான் தராசைத் தூக்கிட்டுப் போய் அவர் வாயை அடைச்சேன்.

அங்கம்மாக்கா முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. முகம் செத்துப்போச்சு. "நான் தச்சது தப்பாப் போயிருச்சா பாப்பா?"

இல்லக்கா, நீங்க நல்லாத்தான் தச்சீங்க, நான்தான் பார்க்கலன்னேன். அங்கம்மாக்கா கையைப் புடவையில துடைச்சுட்டு என் தோள்ல வச்சாங்க. திப்பி நாத்தம் அடிச்சுது, ரெண்டு பேர் மேலயும்தான்.

மாதேசனுக்கு உடனே ஃபோன் போட்டேன். திப்பியை இப்பவே நிறுத்துங்க, முழுத் தீவனம் போடுங்க, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கும் சேருங்க, செவ்வாய்க்கிழமை நேர்ல வந்து சொல்றேன்னேன். "ஏனுங்க?"ன்னார். நேர்ல சொல்றேன் அண்ணேன்னேன். ஃபோன்ல சொல்ல எனக்குத் துப்பு இல்ல.

ஏப்ரல் 28

குணசீலன் சார் மேசையில கோணியையும் பதிவேட்டையும் வச்சு எல்லாத்தையும் சொன்னேன். எண்ணை அடிச்சு எழுதினதையும் சொன்னேன்.

அடிச்சு எழுதின பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஈரம் இருந்துச்சுன்னு குறிச்சிருக்கியா?"ன்னார். இல்ல சார். "அப்ப ஒரே எண்ணைக் கழிச்சுட்டும் போக முடியாது. பத்து வாரமும் செல்லாது." ஆமா சார். "புதுசா ஆரம்பிச்சா பத்து வாரம் வேணும். ஜூன் 30க்கு ஒன்பது வாரம்தான் இருக்கு." அதுவும் தெரியும் சார்.

கத்துவார்னு நினைச்சேன். கத்தியிருந்தாத் தேவலை. "நானும்தான் அந்தக் கோணியைத் தினம் பார்த்தேன்"னார். இன்னொரு நீட்டிப்புக்குக் கடிதம் எழுதறேன், கிடைக்கும்னு நம்பாதேன்னார். பச்சைப் பதிவேட்டை இழுப்பறையில வச்சுப் பூட்டினார். "கூட்டத்துக்கு வந்த முப்பது பேருக்கும் நீயே ஃபோன் பண்ணு. நான் பண்ணா மழுப்பிருவேன்."

சாயங்காலம் வரைக்கும் பண்ணினேன். முப்பது பேர்ல நாலு பேர்தான் திப்பி ஆரம்பிச்சிருந்தாங்க. அதுல மூணு பேர் பத்து நாள்லயே நிறுத்திட்டாங்களாம். "பாத்தாலே தெரியுதுங்களே, குட்டி ஏறல"ன்னாங்க. யாரையும் கேக்கல, யாருகிட்டயும் சொல்லல, நிறுத்திட்டாங்க.

தொடர்ந்து போட்டவர் ஒரே ஒருத்தர். நான் நேர்ல போய் எடை போட்டுக் காட்டினவர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பஸ்ல போனேன். மடியில அந்தக் கோணி. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு வேற சீட்டுக்குப் போயிட்டாங்க. போகட்டும்.

மாதேசன் வாசல்லயே நின்னார். உட்காரச் சொன்னார், நான் உட்காரல. கோணியை விரிச்சுக் காட்டி, அது எவ்வளவு கனம், முள்ளை நான் எங்க நிறுத்தியிருந்தேன், எல்லாத்தையும் ஒரே மூச்சில சொன்னேன். உங்க குட்டி அன்னைக்குப் பதினொண்ணேகால்தான் அண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. என் மேலதான் தப்பு.

அவர் கோணியை வாங்கி ஒரு கையில தூக்கிப் பார்த்தார். கையாலயே கனம் பார்க்கிற மாதிரி. "இதுவா?"ன்னார். அவ்வளவுதான். கீழ வச்சுட்டுப் பட்டிக் கல்லு மேல உட்கார்ந்தார்.

"மூணு குட்டி டாக்டரம்மா." வாசல்ல நின்ன கோவிந்தம்மாளைக் காட்டி, "அன்னைக்கே இவ சொன்னா, பிண்ணாக்கு கலந்து போடலாம்னு. நாந்தான் எரிஞ்சு விழுந்தேன். தடவிப் பாத்தா எலும்பு தட்டுது, தட்டலை தட்டலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் கையை நானே நம்பலீங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "படிச்சவங்க நீங்க இப்பிடிப் பண்ணலாங்களா?"

பண்ணியிருக்கக் கூடாது அண்ணேன்னேன். அவர் பரவாயில்லன்னு சொல்லல. நல்லவேளை, சொல்லல.

கோவிந்தம்மாள்தான் உள்ள போய்ப் பரண்ல இருந்து அந்தக் கண்ணாடி மெஷினை இறக்கிக் கொண்டாந்தாங்க. நான் வந்துட்டுப் போன அன்னைக்கே அது பரணுக்குப் போயிருச்சாம். முந்தானையால தூசியைத் துடைச்சுத் தரையில வச்சாங்க. "இருக்கற பதினஞ்சையாவது சரியாப் பாத்துருங்க"ன்னாங்க, எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா.

மாதேசன் எழுந்தார். செருப்பைக் கழட்டினார். வெறுங்கையோட மெஷின் மேல ஏறி நின்னார். எனக்குப் புரியல. குட்டி எங்க அண்ணேன்னேன்.

"இருங்க. மொதல்ல நானு." குனிஞ்சு பார்த்தார். "அம்பத்தெட்டு நானூறு. எழுதிக்கங்க."

இறங்கிப் பட்டிக்குள்ள போய் ஒரு குட்டியைப் பிடிச்சு மாரோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தார். திரும்ப ஏறினார். குட்டி அவர் கழுத்துல மூக்கை வச்சுக்கிட்டு அசையாம இருந்துச்சு. "எழுவத்தி மூணு அறுநூறு. இப்ப என்னையக் கழிச்சுருங்க."

பதினைஞ்சு இருநூறு. இந்த வயசுக்கு இருபதாவது இருக்கணும்.

குட்டியை இறக்கிவிட்டுட்டு மறுபடியும் வெறுங்கையோட ஏறி நின்னார். அதான் உங்க எடை எழுதியாச்சே அண்ணேன்னேன்.

"ஒவ்வொரு குட்டிக்கு முன்னாலயும் பாத்துக்குவேனுங்க. நடுவுல ஒரு சொம்புத் தண்ணி குடிச்சா மாறிடுதில்ல?"

பச்சைப் பதிவேடு சாரோட இழுப்பறையில பூட்டியிருக்கு. அதனால இந்த நோட்டுலதான் எழுதினேன், பின் பக்கத்துல. பதினஞ்சு குட்டி. பதினஞ்சு தடவையும் முதல்ல அவர் மட்டும் ஏறி நின்னார். பதினஞ்சு தடவையும் எழுதினேன்.